மாதிரி

நாக்குதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது.
கீழமாசி வீதி வெல்ல மண்டியில்
இருபத்திரண்டு வருஷம்.
மூட்டை வாயைப் பிரித்து ஒரு துண்டு உடைத்து
வாயில் போட்டுக் கண்ணை மூடி
"அலங்காநல்லூர்க் கரும்பு. பாகு முறுகிடுச்சு.
கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைங்க" என்பேன்.
முதலாளி எழுதிக்கொள்வார்.
மாதிரியில் மிச்சம்
என் சட்டைப் பைக்குள் போகும்.
ராத்திரி என்னோடு எறும்பும் வீட்டுக்கு வரும்.

ரத்தச் சோதனைச் சீட்டில்
இருநூற்றி எழுபத்தொன்று.
விலைச்சீட்டு என்று நினைத்து யாரோ
மண்டி ஆணியில் குத்திவிட்டார்கள்.
இரண்டு நாள் தொங்கியது. நான் எடுக்கவில்லை.
லோடுமேன் தங்கையா மட்டும் கேட்டார்:
"எந்த ஊர்ச் சரக்குண்ணே, இந்த விலை?"

முதலில் துப்பக் கற்றுக்கொண்டேன்.
நாக்கில் வைத்து நாலு எண்ணி
வாளியில் துப்பி
தண்ணீர் விட்டுக் கொப்பளித்து.
சொல்ல நன்றாயிருக்கிறது.
கூலி தராமல் அனுப்பிய ஆள் போல
தொண்டை வாசலிலேயே நின்று
சத்தம் போட்டது ஒரு மாசம்.

நாலு மணிதான் மோசம்.
பருத்திப்பால்காரர் கரண்டியால் தவலையைத் தட்டுவார்.
விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு
மீசையில் பாலோடு வியாபாரிகள் வருவார்கள்.
கை தானாகப் பைக்குப் போகும்.
வேலுத்தாய் அந்தப் பையைத் தைத்தே மூடிவிட்டாள்,
நீலச் சட்டையில் கறுப்பு நூலால்.
அப்படியும் விரல் போய்
தையலைத் தடவிவிட்டு வரும்.
வெள்ளரிக்காயைக் கடித்தபடி
கணக்கில் கூட்டலைத் தப்பாய்ப் போடுவேன்.
டிபன் டப்பாவில் அவரைக்காய்தான் வீட்டுக்காரன்.
சோறு ஓரமாய் உட்கார்ந்திருக்கும்
விருந்துக்கு வந்தது போல.

காலையில் தெப்பக்குளம்.
முதல் நாள் ஒரே ஒரு கரை நடந்தேன்.
திரும்பி வர ஆட்டோ.
இரண்டாம் வாரம் இரண்டு கரை.
சிவப்பு ஷூ போட்ட டீச்சரம்மா ஒருவர்
மூன்று முறை என்னை முந்திப் போவார்,
நாலாவது முறை மணி கேட்பார்.
மூன்றாம் மூலையில் டீக்கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்.
அந்த மூலை வந்தால்
மைய மண்டபத்தையே பார்த்துக்கொண்டு
வேகமாய் நடப்பேன்.
பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சித்திரையில் விழுந்தேன்.
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
வேலுத்தாய் சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி நின்றாள்.
சூடம் அணைந்ததும் சர்க்கரை கை மாறியது.
"சாமி சர்க்கரைதானே" என்றேன், ஒரு பிடி.
பந்தலில் பானகம் மூன்று டம்ளர்.
நாலாவது, தூணுக்குப் பின்னால் நின்று.
மறுநாள் நடக்கப் போகவில்லை.
அதற்கு மறுநாளும்.
மலைக்குத் திரும்ப அழகரே
சில நாள் எடுத்துக்கொள்கிறார்.
மூன்றாம் நாள் செருப்பை மாட்டினேன்.
டீச்சரம்மா ஒன்றும் கேட்கவில்லை,
மணியைத் தவிர.

இப்போது நாலு கரையும் நடக்கிறேன்.
சீட்டில் நூற்றி ஐம்பத்தெட்டு.
இன்னும் இறங்க வேண்டிய விலைதான்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதது.
போன வாரம் சோழவந்தான் பக்கத்துச் சரக்கு.
நாக்கு நுனியில் வைத்ததுமே
கிணற்றுத் தண்ணீரின் உப்பு தெரிந்தது.
அதற்கடியில் சுண்ணாம்பு.
அதற்கும் அடியில், லேசாக,
கொப்பரையின் இரும்பு.
இதெல்லாம் எப்போதும் இருந்திருக்கும்.
முதலாளி எழுதிக்கொண்டே
நிமிர்ந்து பார்த்தார்.

ராத்திரி சட்டையைக் கழற்றி மாட்டினேன்.
ஒற்றை எறும்பு,
தைத்த பையின் விளிம்பில்
போய் நிற்கிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது.
தட்டிவிடவில்லை.
இன்றைக்கு நாலு மணிக்கு
நானும் அங்கேதான் போயிருந்தேன்.