ஆறாம் மாதப் படிவம்

முத்தையன்கட்டு இடதுகரை.
கிரவல் றோட்டில் சைக்கிள் காத்துப் போய்
ஒரு கட்டை தூரம் உருட்டிக்கொண்டு வந்தேன்.
பையில் பதினேழு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை.

மாங்குளம் இல்லத்தில்
பதினொரு மாதம் இருந்தவன் கஜிபன்.
வந்த கிழமை
அலுமாரிக் கண்ணாடியை நெற்றியால் உடைத்தான்.
போன அன்று
எல்லாருக்கும் கைகொடுத்தான், சமையல் அக்காவுக்கும்.
"நல்ல முன்னேற்றம்" என்று
கடைசிப் பக்கத்தில் நான்தான் எழுதினேன்.

தாய் குவைத்தில். சின்னம்மா கதிரை போட்டாள்.
முதற் கேள்வி, கோபம்.
"கத்திறான் தங்கச்சி.
தண்ணி மோட்டரை அரைவிலைக்குக் கேட்டவனோட
றோட்டில நிண்டு கத்தினவன்."
நான்கு என்று போட்டேன். கூடாத பக்கம்.
பிறகுதான் நினைவு வந்தது,
இல்லத்தில் அவன் ஒருநாளும் கத்தியதில்லை.
நீளக்கை சேட்டுக்குள்
பிளேட்டால் கிழித்துக்கொண்டு
அமைதியாக இருந்தான்.
அப்போது நாங்கள் போட்டது இரண்டு.

ஆறாம் கேள்வி, நித்திரை.
சின்னம்மா பேசவில்லை.
வளவின் பின்பக்கம் கை காட்டினாள்.
மாட்டுப்பட்டி.
ஓரமாக வைக்கோல், நுளம்புவலை,
பதினான்கு என்று இலக்கம் தைத்த
எங்கள் இல்லத்துப் போர்வை.

அவனே வந்தான், காலெல்லாம் சேறு.
"அங்க இருபத்திரண்டு பேர் மிஸ்.
ராவில முழிச்சா மூச்சுக் கேக்கும்.
இஞ்ச அறையில ஒண்டும் கேக்காது.
மாடெண்டா மூச்சு விடும்."

இதற்கு எத்தனை?

"யதுசன் எப்பிடி மிஸ்?" என்றான்.
யதுசனின் பைல் என் மேசையில்
சிவப்பு மையில் கிடக்கிறது:
தொடர்பு கிடைக்கவில்லை.
தொடர்பு கிடைக்காதவர்களை
நூற்றுவீதத்தில் சேர்ப்பதில்லை.
"வேற இடம் போட்டான் போல" என்றேன்.

சிரித்தான்.
அப்போதுதான் பார்த்தேன்,
வைக்கோலில் இரண்டு பள்ளம்.
"மாத்தளனில வாடியொண்டில ஐஸ் உடைக்கிறான்.
சனிக்கிழமையில வருவான்.
எழுதிப்போடாதேங்கோ."

ஆறாம் கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.
கொழும்பிலிருந்து கோல் எடுப்பார்கள்,
பெட்டியொன்று நிரப்பவில்லை என்று.
எடுக்கட்டும்.

சைக்கிளுக்குப் பம் அடித்துத் தந்தான்.
ஒட்டுசுட்டான் சந்திக்கு முதலே
திரும்பவும் காத்துப் போய்விட்டது.