கேட்டா இல்லைன்னு சொல்லு

மார்கழி வெள்ளம் சிந்துபூந்துறைக்குள் ஏறிய ராத்திரி
கட்டிலுக்குமேல் மிக்ஸியைத் தூக்கினோம்,
ரேஷன் கார்டைத் தூக்கினோம்.
மேசைக்கடியில் கம்ப்யூட்டர் நின்றது
ஒருவருக்கும் நினைவில்லை.
அதன் தலையிலேயே வைத்திருந்தேன்
ஹார்ட் டிஸ்க்கையும்.
அசலும் நகலும் ஒரே சேற்றில்.

நூற்றுப்பத்து வீட்டு வரைபடங்கள்.
மாடிப்படி எந்தத் திசை, குளியலறைக் கதவு எந்தப் பக்கம்,
எல்லாவற்றையும் ஒரே அறையாக்கிவிட்டு
ஆறு இறங்கிப் போனது.

"நகலை எவளாவது அதே வீட்டுல வைப்பாளா?"
என்றாள் மேலப்பாளையம் மீராள்.
பீடிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் போடுகிறவள்.

அப்படி ஆரம்பித்தது.
மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை
கொக்கிரகுளம் பஸ் நிறுத்தத்தில்
புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்குவோம்.
என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்.
அவளுடையது மகனின் பள்ளிக்கூட சாக்ஸில்.
பேச நேரமிருக்காது, அவளுக்குப் பஸ் வந்துவிடும்.

என் வீட்டில் அது அரிசி டின்னில் கிடக்கும்.
அளக்கும்போது உழக்கில் தட்டும்.
அடுத்தவள் நகையென்றால் நிறுத்து வாங்கி
நிறுத்துக் கொடுக்கலாம்.
இது நிறைந்தாலும் காலியானாலும்
ஒரே கனம்.

போன ஆடியில், கரண்டு வந்து வந்து போன ஒரு மத்தியானம்,
அவசரத்தில் அவளுடையதைச் செருகிவிட்டேன்.
இரண்டும் கருப்பு. இரண்டும் ஒரே கடை.
எஃப் என்று ஓர் எழுத்தைச் சூட்டி
கதவைத் திறந்துவிட்டது கணினி.
இலைக் கணக்கு.
தூள் கணக்கு.
பி.எஃப். பழையது. பி.எஃப். ரொம்பப் பழையது.
கடைசியில் ஒரு கோப்புறை:
'கேட்டா இல்லைன்னு சொல்லு'.

அம்புக்குறி அதன்மேல் நின்றது.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
பிடுங்கினேன்,
பத்திரமாக அகற்றும் முறையெல்லாம் பார்க்காமல்.

சனிக்கிழமை சொல்லிவிட்டேன்.
"ஏளா, தொறந்தியா?"
"பேருதான் கண்ணுல பட்டுச்சு."
பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.
"அப்போ, யாராவது கேட்டா?"
"இல்லைன்னு சொல்லுவேன்."

அடுத்த பஸ்ஸும் போனது.
பாலத்துக்குக் கீழே
ஆகாயத்தாமரை எவ்வளவு அடைச்சுக் கெடக்கு பாரு, என்றாள்.
பிறகு, நான் திருப்பிக் கொடுத்ததிலிருந்து
சாக்ஸை உருவி,
ஏற்கெனவே ஒரு சாக்ஸ் போட்டிருந்த புதியதன்மேல்
அதையும் மாட்டி
என்னிடம் தந்தாள்.