இரண்டு மில்லிமீற்றர்

வெள்ளி நைத்திரேற்று விரலில் பட்டால்
அப்போது ஒன்றும் தெரியாது.
வந்தாறுமூலையில் பஸ் ஏறி
செங்கலடியில் இறங்கி மீன் வாங்கி
மீதிக்காசை எண்ணும்போதுதான்
நகக்கண் கறுத்திருப்பதைக் காண்பேன்.
"கதவுக்குள்ள நசிஞ்சதோ?" என்றார் மீன்காரர்.
ஓம் என்றேன்.
வெள்ளி கறுக்கும் என்பதை
ஒரு கிலோ மணலையை வைத்துக்கொண்டு
எப்படி விளக்க?

டிலோஜினி முதலில் கொண்டுவந்த இலைகளை
ஒரேயொரு தரம் அலசிக் காய்ச்சினோம்.
ஏறாவூருக்குப் பின்னால்
வாவிச் சேற்றில் நிற்கிற கண்ணா.
வடித்த சாற்றில் வெள்ளிக் கரைசலை விட்டதும்
குடுவை முழுக்கத் திரைந்தது.
"அக்கா, தயிர்!" என்று கத்தினாள்.
மட்டக்களப்பில் தயிருக்கா பஞ்சம்?
கண்ணா தன் உப்பை இலைவழியே வியர்க்கிற மரம்.
நாக்கால் தொட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.
அந்த உப்புத்தான் வெள்ளியைப் பிடித்து
அடியில் இருத்திவிட்டது.

பிறகு மூன்று தரம் கழுவினோம்,
கடைசித் தரம் காய்ச்சி வடித்த நீரில்.
சோற்றுப் பார்சலை நான் அவிழ்க்கையில் இளமஞ்சள்.
கை கழுவி வர பனங்கட்டி.
நாலு மணிக்குக் குடுவைக்கு அப்பால்
யன்னல் தெரியவில்லை.
யாரும் கலக்கவில்லை, சூடாக்கவில்லை.
இலைக்குள் இருந்த ஏதோ ஒன்று
கண்ணுக்குத் தெரியாத மணிகளாக
வெள்ளியை உருட்டிக்கொண்டிருந்தது.
தம்பி மகனின் விளையாட்டு லேசரை அடித்துப் பார்த்தேன்.
கரைசலுக்குள் சிவப்பாய் ஒரு கோடு,
நேராக.

கிருமி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது.
குப்பியில் ஒட்டியிருந்த துண்டில்
வலது கால், பெருவிரல், வயது 61, வாழைச்சேனை.
பெயர் இல்லை.
ஆணா பெண்ணா, அந்த விரல் இன்னும் இருக்கிறதா,
ஆள் இருக்கிறாரா,
எதுவும் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை.
அவருடைய கிருமிக்கு மட்டும்
கிழமைக்குக் கிழமை சாப்பாடு மாற்றுகிறேன்.
கரண்ட் போனால்
அடைகாப்புப் பெட்டியின் கதவைத் திறக்க விடமாட்டேன்,
சூடு இறங்கிவிடும்.
கொல்வதற்கென்று வளர்ப்பதை
இவ்வளவு கவனமாக வளர்க்கவேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை தட்டுகளைத் திறந்தோம்.
ஆஸ்பத்திரி மாத்திரை வைத்த இடத்தில்
விளிம்புவரை புல் மாதிரி முளைத்திருந்தது.
அது அந்த மருந்தை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.
எங்கள் மண்ணிறத் துளியைச் சுற்றி மட்டும்
தெளிந்த ஒரு வட்டம்.
அளவுகோலை வைத்து அவள் இருமுறை வாசித்தாள்:
பதினாலு.
என் தோளைப் பிடித்துக் குதித்தாள்.

அடுத்த தட்டையும் அளக்கச் சொன்னேன்.
இலைச் சாறு மட்டும்: ஒன்றுமில்லை.
அதற்கடுத்தது, இலையே படாத வெறும் வெள்ளி:
பன்னிரண்டு.

கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
காற்றாடி சுற்றுகிற சத்தம்.
"அப்ப இலை செய்தது ரெண்டு மில்லிமீற்றர்தானா அக்கா?"
நான் பட்டதாரி இல்லை,
பதினாறு வருசமாகக் குடுவை கழுவுகிறவள்.
தெரியாது என்றேன்.
இன்னும் மூன்று தட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.
பன்னிரண்டை எழுதாமல் விட்டுவிடலாமா என்று
அவள் கேட்கவில்லை.
பேனை மட்டும் அந்தக் கட்டத்துக்கு மேல்
கொஞ்சம் நின்றது.
எழுதினாள்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றப் போனவளின்
கையைப் பிடித்தேன்.
தொட்டி கானுக்குப் போகும், கான் வாவிக்கு.
வாவிச் சேற்றிலும் கிருமிகள்தான் குடியிருக்கின்றன.
இறால் குஞ்சுக்கும் கண்ணா வேருக்கும்
அவை வேண்டும்.
வெள்ளிக்கு நல்லது கெட்டது தெரியாது.
போத்தலில் ஊற்றி ஒரு பிடி உப்புப் போட்டோம்.
மறுபடி தயிர்.
இந்த முறை அவள் கத்தவில்லை, சிரித்தாள்.

பின்னேரம் வாழைச்சேனைத் தட்டுகளை
நீராவிப் பானைக்குள் அடுக்கி மூடினேன்.
ஒரு குப்பி மட்டும் குளிர்பெட்டியில் இருக்கிறது,
அடுத்த கிழமைக்கு.

போகுமுன் தொட்டிக்கு மேலே
ஒரு தாள் ஒட்டினேன்:
கண்ணா இலை. மூன்று தரம்.