மூவருக்குக் குறைந்தால்

ருவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
ஏசி சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
திரையில் மூன்று தாள்கள் திறந்திருக்கின்றன:
சம்பளம், சிறுகடைகள், பள்ளிக்கூடங்கள்.
செப்டம்பருக்குள் எல்லாம் பொதுவெளிக்குப் போய்விடும்.
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார் மேலாளர்.
யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஊர்ப் பணத்தில்
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.
நூற்று எண்பது ரியாலை
180.000 என்று எழுத வேண்டும்.
முதல் மாதச் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியபோது
துறையூரில் என் கொழுந்தன்
புள்ளியைக் கமாவாகப் படித்துவிட்டான்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்!
இரண்டு நாள் நான் பணக்காரி.
மூன்றாம் நாள் கடன் கேட்டார்கள்.
இப்போதும் புள்ளியைக் கண்டால்
எறும்பென்று நினைத்து ஊதத் தோன்றுகிறது.

சிறுகடைத் தாளுக்கு வெயிலில் இறங்க வேண்டும்.
ஹம்ரியா சந்தில் சேகுத்தம்பியின் தையற்கடை.
வேலையாட்கள் எத்தனை?
"நானும் மிஷினும்."
மிஷினை எண்ணக் கூடாது அண்ணே.
"அப்ப அரை ஆள்னு போடுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்ல."
போன வருட லாபம்?
சிரித்தார். டீ சொன்னார்.
ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார்.
கோத்துக் கொடுத்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

வெற்றுக் கட்டத்தை மென்பொருள் ஏற்காது.
சொல்ல மறுத்தால் 999.
தெரியாவிட்டால் 998.
சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தால் என்ன எண்ணென்று
கையேட்டைப் புரட்டினேன்.
கடைசியில் 998.
தெரியாதவர் அவரா நானா என்று
அந்த எண் சொல்லாது.

பள்ளிக்கூடத் தாளில் 41ஆம் வரிசை
என் மகள் படிக்கிற பள்ளி.
அறிவியல்: நன்று.
கணிதம்: ஏற்கத்தக்கது.
ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்.
மூன்றாம் வகுப்பு முடிவதற்குள்
நான்கு கணக்கு டீச்சர்களைப் பார்த்தவள் ஆதிரை.
நாலாவது ஆளும் போனபோது கேட்டாள்:
"புது மிஸ் மறுபடி கூட்டல்லேர்ந்து ஆரம்பிப்பாங்களாம்மா?"

செய்யக் கூடாதுதான்.
ஆனாலும் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தேன்.
பள்ளி 41, கணித ஆசிரியை, மாதம்
160.000.
என்னைவிட இருபது குறைவு.
மாலில் மணிக்கட்டைப் பிடித்து அத்தர் தடவுகிறாளே,
அவளைவிட ஐம்பது.
விட்டுப்போன நான்கு பேரையும்
மனசுக்குள் எத்தனை திட்டியிருக்கிறேன்.
அன்று பஸ்ஸில் பெயர்களை நினைத்துப் பார்த்தேன்.
ஷைலஜா மிஸ்.
பர்வீன் மிஸ்.
மற்ற இரண்டும் வரவில்லை.

வெளியிடும் முன் ஒரு விதி இருக்கிறது:
ஒரு கட்டத்துக்குள் மூவருக்குக் குறைவாக ஆளிருந்தால்
எண்ணை அழித்து நட்சத்திரக் குறி போடு.
இன்னாரென்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

அந்தச் சந்தில் ஒற்றை ஆள் தையற்கடை ஒன்றுதான்.
நட்சத்திரம்.
பள்ளி 41, கணிதம். இருப்பவள் ஒருத்தி.
நட்சத்திரம்.
எந்தத் தாயும் இனி அந்த 160ஐப் பார்க்கப் போவதில்லை,
'ஏற்கத்தக்கது' மட்டும் பளிச்சென்று நிற்கும்.
கொஞ்ச நேரம் வாளியில் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அடுத்த வரிசை:
தரவு உள்ளீடு, பெண், ஒருவர்.
என் விரல்தான் அழுத்தியது.
நட்சத்திரம்.

வியாழக்கிழமை மாலை
ஆதிரையின் சீருடையைப் பிரித்துவிடக் கொடுத்தபோது
சேகுத்தம்பி கேட்டார்:
"நம்ம கடை அதுல வந்துச்சா?"
வந்துருச்சு அண்ணே. நட்சத்திரம் போட்டிருக்கு.
அளவு நாடா கழுத்தில் தொங்க
கொஞ்சம் யோசித்தார்.
"ஒண்ணே ஒண்ணா?
எதிர்த்த ஓட்டலுக்கு மூணு போட்டுருக்கான்."