விபூதிப் புதனுக்கு முந்தின ஷிப்ட்

நாளைக் காலைப் பூசையில்
முதல் வாசகம் எனக்கு.
ஞாயிறன்றே தாளைக் கொடுத்துவிட்டார்
கோயில்பிள்ளை பிலவேந்திரர்,
அக்குளில் இடுக்கியிருந்தது
வீடுவீடாய் வாங்கிய
போன வருசத்துக் குருத்தோலைக் கட்டு.
"நிறுத்தி நிதானமாப் படி, தங்கம்.
போன தடவை
ரயிலுக்குப் போறவளாட்டம் படிச்சே."

தாள் என் டிபன் பையில் இருக்கிறது,
தக்காளிச் சோற்று எண்ணெய்
ஒரு மூலையில் ஊறி.
ஒன்றரை ஷிப்டின் எட்டு மணி டீக்கு
டியூப் லைட்டுக்குக் கீழே பிரிக்கிறேன்.
யோவேல் சொல்கிறார்:
கிழிக்கவேண்டியது துணியை அல்ல,
நெஞ்சை.

சிரிப்பு வந்தது.
திருப்பூரில் வந்து சொல்கிறாரே.

பதினாலு வருசமாய் இந்த மேசையில்
கிழிசல் தேடியே கண் பூத்தவள் நான்.
ஊசி ஓட்டை, விட்ட தையல்,
கழுத்துப் பட்டியில் கடுகளவு கறை,
எதுவும் தப்பாது.
சிவப்பு அம்பு ஒட்டி ஓரமாய் எறிவேன்.
நாளொன்றுக்கு ஆயிரத்திருநூறு பனியன்,
ஒன்றைக்கூட
உள்புறம் திருப்பாமல் விட்டதில்லை.

போன வியாழன், ஜெர்மனி லாட்.
நாற்பது பீஸில் எண்ணெய்க் கறை.
சூப்பர்வைசர் கனகராசு கத்தினபோது
எல்லார் கண்ணும்
கைமடிக்கிற துளசிமணி பக்கம் போனது.
என் கண்ணும் போனது.
தலை நிறைய எண்ணெய் வைத்துப்
பின்னியிருந்தாள்.
வேறு சாட்சி எதற்கு?
"நானில்லீங்" என்றாள், ஒரே தரம்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன்:
என் நூல் கத்தரிக்கு
நானே விட்ட மெசின் எண்ணெய்
கைப்பிடித் துணியில் கசிந்திருந்தது.
துணியை மாற்றிக் கட்டினேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
சனிக்கிழமைச் சம்பளத்தில்
அவளுக்கு முந்நூறு பிடித்தார்கள்.

நற்செய்தி வேறு இருக்கிறது நாளைக்கு.
உள்ளறைக்குப் போ, கதவைச் சாத்து,
மறைவில் இருப்பவரோடு பேசு.
லைன் வீட்டில் ஒரே அறை, நாலு பேர்.
எனக்கு வாய்த்த உள்ளறை
கம்பெனிக் கக்கூசு.
அங்கே நின்று யோசித்தேன்,
இந்த நாற்பது நாளைக்கு எதை விடுவது?
போன வருசம் டீயை விட்டேன்,
விட்டதை ஊரெல்லாம் சொன்னேன்.
வெளியே யாரோ தட்டினார்கள்.

முந்நூறை அவள் பைக்குள்
தெரியாமல் வைத்துவிடலாம்.
வலது கை கொடுப்பது
இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று
ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.
பர்சைத் திறந்தும் விட்டேன்.

வசனத்துக்கும் உள்புறம் உண்டு,
நான் பிடித்திருந்த விதத்தில்.
திருப்பிப் பார்த்தேன்.
அங்கே ஒட்டினேன்
ஒரு சிவப்பு அம்பு.

பெல் அடித்தது.
துளசிமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"அந்தக் கறை என்னுது" என்றேன்.
நிமிரவில்லை.
"தெரியுங்க்கா.
அன்னைக்கே தெரியும்."
நோட்டுகளை வாங்கி எண்ணினாள்,
நான் கூட வைத்த ஐம்பதைத் திருப்பித் தந்தாள்.
ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்:
"கனகராசண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

இந்நேரம் கோயில் பின்கட்டில்
குருத்தோலை எரிந்துகொண்டிருக்கும்.
இங்கே ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
நிறுத்தி நிதானமெல்லாம் நாளைக்கு.
குனிந்து உள்ளே ஓடினேன்,
ரயிலுக்குப் போறவளாட்டம்.