வளைவில் மட்டும்

புன்னாலைக்கட்டுவனிலிருந்து சைக்கிள் கரியரில்
சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்தார் யோகராசா,
தக்காளிக் கூடாரத்துப் பொலித்தீனை.
"காத்துமில்லை மழையுமில்லை பிள்ளை,
குழாய் வளையிற இடமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு."
மருந்து இலையில் ஒட்டட்டுமென்று
உடுப்புத் தோய்க்கிற தூளைக் கரைத்து அடித்தாராம்.
அளவு கேட்டேன். உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடம்.
பத்து மணிக்குக் கரண்ட் போனது.
ஐம்பது பாகைத் தொட்டி ஆறமுதல்
கீலங்கீலமாக வெட்டி
பாதியை நீட்டியபடி விட்டேன்,
பாதியை மடக்கிக் கவ்வியில் பூட்டினேன்.
தண்ணீரில் கொஞ்சம்,
சவுக்காரக் கரைசலில் கொஞ்சம்.

தண்ணீரில் மடங்கியது அப்படியே.
கரைசலில் நீட்டிக் கிடந்ததும் அப்படியே.
மூன்றாம் நாள் காலை
கரைசலில் மடங்கியது மட்டும்
முதுகு நெடுக மயிர்க்கோடாய்ப் பிளந்திருந்தது.

சவுக்காரம் எதையும் அறுக்காது.
இறுகிய பளிங்குத் துணுக்குகளுக்கிடையே
ஒன்றையொன்று பிடித்திருக்கிற நீள இழைகளின்
பிடிக்குள் மெல்லப் போய் நிற்கும்.
இழுவை உள்ள இடத்தில் கை வழுக்கும்.
ஒரு இழை, பேந்து
பக்கத்து இழைக்குப் பாரம் கூடும்.

வெள்ளிக்கிழமை வந்தார்.
"அப்ப பிழை தூளிலயோ, வளைவிலயோ?"
ரெண்டும் சேர்ந்தால்தான் ஐயா.
கொஞ்சநேரம் கீலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கயிறைத் தளர்த்திப்போட்டு அடிச்சா?"
அதை நான் சோதிக்கவில்லை.

அவர் போனபிறகு
குவளைகளை அதே தூளால்தான் கழுவிக் கவிழ்த்தேன்.
நீட்டிக் கிடந்த கீலம்
லாச்சியில் இருக்கிறது.
ஒருவரும் கேட்கவில்லை அதை.