மானுக்குள் மைனஸ் நாலரை

கொழும்பு பஸ்ஸில் ஒரு சீட்டுக்குக் காசு கட்டி
வந்து இறங்கியது தலை.
ஆறடி ஆணுக்கென்று தைத்தது.
கிளைவிட்ட கொம்பு இரண்டு, பிளாஸ்டிக் கண் இரண்டு.
அந்தக் கண்களால் ஒன்றும் பார்க்க முடியாது.
மான் வாய் திறந்திருக்கிற இடத்தில்
ஒரு கறுப்பு வலை.
அதுதான் என் ஜன்னல்.

ஆகவே திருகோணமலையில்
என்னோடு கதைக்கிற எல்லோரும்
என் உச்சிக்கு மேலே எங்கேயோ பார்த்துக் கதைக்கிறார்கள்.
நான் அவர்களைத்
தொண்டைக்குள்ளிருந்து பார்க்கிறேன்.
"மச்சான்" என்று முதுகில் அறைகிற பெடியன்களையும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போடலாமே
என்றார் முபாரிஸ் நானா.
போட்டேன், முதல் நாள்.
கடைப்படியில் இருந்த தண்ணீர்க் கானைக்
குழந்தையென்று நினைத்துக் கைகொடுத்தேன்.
அடுத்த நாளிலிருந்து
கண்ணாடியும் உள்ளே வருகிறது.

வந்தால்,
விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் பனி இறங்குகிறது.
இந்த ஊரின் எந்த மார்கழியும் காணாத பனி.
சவர்க்காரம் பூசித் துடைத்தேன்.
மூக்கில் பிளாஸ்டர் ஒட்டினேன்.
மேலுதட்டை நீட்டி
என் நெஞ்சுக்குள்ளேயே ஊதப் பழகினேன்.
வியர்வையில் சட்டம் வழுக்கி இறங்கும்போது
ஏற்றிவிட விரல் இல்லை.
குளம்பு இருக்கிறது, தலைக்கு வெளியே.
கன்னத்தைச் சுருக்கி, மூக்கை நெளித்து,
கழுத்தைப் பின்னால் வெட்டி எறிந்தால்
ஒரு நெல் அளவு ஏறும்.
வெளியே, மான் தலையாட்டுகிறது.
கைதட்டுகிறார்கள்.

பகல் முழுக்கக் கச்சான் காற்று,
தகரத்தைச் சுட்டுவிட்டு வருகிற காற்று.
மூன்று மணிக்குப் பிறகு கடல் திரும்பும்.
அப்போது ஒழுங்கையின் முனைக்கு வாயைக் காட்டினால்
நாலு மூச்சுக்குத் தெளிவு:
ஒரு தோணி, ஒரு தந்திக்கம்பம், காகம்.
உள்ளேயிருந்து நானா கத்துவார்,
"கஸ்டமர் அந்தப் பக்கம் இல்ல பிள்ள!"

வெள்ளிக்கிழமை.
கையில் அரைவிலைத் துண்டுப்பிரசுரம் ஒரு கட்டு.
இரண்டு வில்லையும் மூடிப்போய்
பாலுக்குள் நிற்கிற மாதிரி நிற்கிறேன்.
யாரோ ஒரு தாளை இழுத்தார்கள்.
குனிந்தேன், பழக்கியபடி.
இன்னொன்றை இழுத்தார்கள். இன்னொன்று.
குடும்பம் பெரிது போல என்று நினைத்துக்கொண்டேன்.
மானுக்கு நன்றி சொல்ல அனுமதியில்லை,
குளம்பை நெஞ்சில் வைத்தேன்.
சனம் சிரித்தது. சனம் எப்போதும் சிரிக்கும்.

பிறகு இடது வில்லையின் அடியில்
நகத்தளவு வெளித்தது.
அதற்குள்
ஈரமான கறுத்த மூக்கு,
பக்கவாட்டில் அரைகிற தாடை.
பஸ் நிலையத்தடியில்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒன்று.
அதன் உதட்டோரம்
எங்கள் கடை நம்பரின் கடைசி மூன்று இலக்கம்.

அது மேலே பார்க்கவில்லை.
பிளாஸ்டிக் கண்ணை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.
மூச்சு வருகிற இடத்தைத் தேடி
வலையில் மூக்கை வைத்தது.
அதன் மூச்சு உள்ளே வந்தது,
புல்லும் அச்சுமையும் மணக்க.
மிச்சமிருந்த நகத்தளவும் மூடிப்போனது.
நான் துடைக்க முயலவில்லை.

பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம்.
நானா வடை வாங்கித் தந்தார்.
ஜோடி என்று எழுதியிருந்ததாம் கீழே.
என் கண்ணாடி இன்னும் அந்தத் தலைக்குள் கிடந்தது,
போனை மூக்கில் முட்டுமளவு பிடித்துப் பார்த்தேன்.
மண்ணிற மேகம் இரண்டு.
எது நான் என்று கேட்கவில்லை.

ஸ்பொஞ்சைப் பிளந்து எடுத்தபோது
வலது வில்லையில் ஒரு பச்சைத் துளி,
காய்ந்து ஒட்டிப்போய்.
அப்படியே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.
அன்புவழிபுரம் வரைக்கும்
எல்லாவற்றின் மேலும் அது இருந்தது:
கண்டக்டரின் நெற்றியில்,
மிச்சக் காசில்,
ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து
என் முகத்தைப் பார்த்து நேரம் கேட்ட
ஒரு பெண்ணின் கழுத்தில்.